ஒற்றைத் தலையணை

போர்வையின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் மிச்சமிருந்தது. அவர் விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தை ஈரப்படுத்தி, இஸ்திரிப் பெட்டியை இன்னொரு தரம் வைத்து அழுத்தினார். சுருக்கம் போயே போய்விட்டது. யாரோ விருந்தாளி வரப்போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். பல் துலக்கியதும் அவருக்கு முதல் வேலை இதுதான். ராத்திரி அதன்மேல் புரண்டு கசக்கப்போகிறவரும் அவரேதான்.

லாண்டரியில் இஸ்திரி மேசை அவருடையது. பகல் முழுக்க ஊரார் சட்டையைத் தேய்த்துவிட்டு வருகிறவன் வீட்டுக்கு வந்தால் இஸ்திரிப் பெட்டியின் முகத்திலேயே விழிக்கமாட்டான் என்றுதான் நாம் நினைப்போம். இவரோ, கடையில் கழித்துப் போட்ட பெட்டியைக் கேட்டு வாங்கி, ஒயர் மாற்றி, துண்டு, கைக்குட்டை, கரித்துணி எல்லாவற்றையும் தேய்த்து மடித்து வைத்திருக்கிறார். கடையில் அவருக்கு ‘மடிப்பு அண்ணன்’ என்று பெயர். முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே மரியாதையாகிவிட்டது.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார். “வெளிய சொல்ற மாதிரி இல்ல. ஆனா சொல்லி அழற மாதிரியும் இல்ல” என்பார். மாடியில் ஓர் அறை. கட்டில் ஒன்று, தலையணை ஒன்று, தட்டு ஒன்று, அடுப்பு ஒன்று, தெருவைப் பார்த்த ஜன்னல் ஒன்று. காய்கறியைச் சந்தை கலைகிற நேரத்தில் வாங்குவார். செருப்புக்கு அடி தேய்ந்தால் அடியை மட்டும் மாற்றுவார். பேப்பர், கடையில் துணி சுற்றியது போக மிஞ்சியதுதான், எப்போதும் பழசு. “பழைய பேப்பர்ல ஒரு வசதி இருக்கு. பயப்படுற மாதிரி போட்டிருப்பான். அது எதுவும் நடக்கலன்னு தெரிஞ்சுக்கிட்டே படிக்கலாம்” என்பார். மாதம் ஒரு சினிமா மட்டும் உண்டு, அதுவும் நல்ல சீட்டில். “வாயைக் கட்டலாம், வயித்தைக் கட்டலாம். கண்ணையும் கட்டிட்டா அப்புறம் எதுக்கு இந்த உசிரு?”

இப்படி அவர் பாட்டுக்கு இருந்தவருக்கு மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. எதிர் அறை நர்ஸ் மாத்திரை கொடுத்தாள், கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர் ரொட்டி வாங்கிக் கொடுத்தார், காய்ச்சலும் போய்விட்டது. ஆனால் லாண்டரி முதலாளி ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார். வந்தது வினை!

அக்கா என்றால் அவருக்கு அம்மா மாதிரி. தூக்கி வளர்த்தவள். அவள் சொல்லுக்கு அவர் இதுவரை மறுசொல் சொன்னதில்லை. தலை நரைக்கத் தொடங்கும் வரை அவள் வீட்டில்தான் இருந்தார். அத்தானின் இரும்புக் கடையில் ஆணி எடைபோட்டு, வீட்டுக்குக் காஸ் சிலிண்டர் தூக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ராத்திரி நடைவழியில் படுத்தார். தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள் எல்லாரும் அவர் காலை மிதித்துவிட்டுத்தான் போனார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, இடம் அப்படி. உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை தனக்கென்று கிடைத்த முதல் ராத்திரி, அவர் சும்மாவே அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தாராம்.

அவள் வீட்டைவிட்டு அவர் கிளம்பும்போது அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். “நீ அங்க கஷ்டப்படுறேன்னு என் கண்ணால பார்த்தேன்னா, அன்னிக்கே மூட்டையைக் கட்டிக் கையோட கூட்டிட்டு வந்துருவேன். சரியா?” அவரும் தலையாட்டியிருந்தார். இப்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்கத்தை விட்டுத் தையல்காரரிடம் ஒரு நாற்காலி கேட்டார். நர்ஸிடம் மேசை மின்விசிறியும் பூப்போட்ட திரையும் கேட்டார். கூடவே ஒரு தட்டு, ஒரு டம்ளர். எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வாசலில் நின்று பார்த்தார். அறை வேறு யாருடையதோ போல இருந்தது.

அக்கா பெரிய ஜிப் பை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறி வந்தாள். அவர் கண் முதலில் அந்தப் பைமேல்தான் போனது. காலியாகத் தொங்கியது. எதைப் போட்டுக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று கேட்கவா வேண்டும்?

“என்னடா இப்படி எளைச்சுட்ட?”

“இல்லக்கா, அதே எடைதான்.”

“எனக்குத் தெரியாதா!” என்று சொல்லிவிட்டு அவள் டப்பாக்களைத் திறந்தாள். அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, சர்க்கரைகூட இருந்தது. முகம் கொஞ்சம் ஏமாந்த மாதிரி ஆனது. நாற்காலியில் உட்கார்ந்து, விசிறிக் காற்றில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “பரவால்லையே, சாமானெல்லாம் சேர்த்திருக்கியே” என்றாள். அவர் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

வார்த்த பால் காய்வதற்குள் தையல்காரர் தலையை நீட்டினார். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அளவு குடுக்க ஒரு பெரியவர் வந்திருக்காரு, அவரால நிக்க முடியல. நாற்காலியை எடுத்துக்கட்டுமா?”

அக்கா எழுந்தாள். நாற்காலி போயிற்று. அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இந்த ஃபேன்?” என்றாள்.

“நர்ஸம்மாவோடது.”

“திரை?”

“அதுவும்தான். ஒரு தட்டு, ஒரு டம்ளரும்கூட.”

“அப்ப உன்னோடது எதுடா இங்க?”

“மிச்சமெல்லாம்” என்றார் அவர். “கட்டில், அடுப்பு, ஜன்னல்...”

“ஜன்னல் உன்னோடதா?”

“வாடகை குடுக்கறேன்லக்கா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். “கேக்க நல்லாத்தான் இருக்கு. எல்லாம் ஒத்தை ஒத்தையா இருக்கே, இது ஒரு பொழப்பா? ஒரு தலகாணி, ஒரு தட்டு. நாளைக்கு மறுபடி காய்ச்சல் வந்து விழுந்தா?”

“ஒரு தலைதானக்கா இருக்கு” என்றார் அவர், மெதுவாக. எனக்கு இது போதும், இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பதை அக்காவின் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? அவள் வீட்டில் நன்றாக இல்லை என்றல்லவா ஆகிவிடும்!

உட்கார வேறு இடமில்லாமல் அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். கை தானாகப் போர்வையைத் தடவியது. “படுக்கற துணிக்குக்கூட இஸ்திரியா? எங்க வீட்ல கல்யாணத்துக்குப் போற சட்டையே கசங்கித்தான் போகும்” என்றாள். பிறகு, “முதுகு பிடிச்சிருக்குடா. செத்த சாயறேன். நீ டீயைப் போடு, அப்புறம் சாமானைக் கட்டலாம்” என்று கால்களை மேலே தூக்கி வைத்தாள்.

அவர் டீயோடு திரும்பியபோது அக்கா தூங்கிவிட்டிருந்தாள்.

சும்மா கண்ணயர்வது இல்லை, அடித்துப்போட்ட தூக்கம். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் இரண்டு கையிலும் டம்ளரோடு அப்படியே நின்றார். அக்கா பகலில் படுத்து அவர் பார்த்ததே இல்லை. ராத்திரியிலும் பார்த்ததில்லை, அவர் படுக்கும்போது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், எழும்போது அடுப்படியில் இருப்பாள். மாமியாருக்கு மருந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, புருஷனுக்கு வெந்நீர் என்று அந்த வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் வருவது அவள் பெயர்தான். இங்கே அவளைக் கூப்பிட ஆளில்லை.

அப்போது பார்த்து அவள் பையில் போன் அலறியது. அவர் பதறிப் பாய்ந்து எடுத்தார். அதை எப்படி அடக்குவது என்று தெரியவில்லை. தேய்த்து மடித்த துண்டு ஒன்றில் சுற்றி, அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினார். அரிசிக்குள்ளிருந்து அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு ஓய்ந்தது. நல்லவேளை, அக்கா அசையவில்லை. அவர் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் பிரித்தார், தாளின் சத்தம் கேட்டுவிடாமல்.

வெயில் சுவரில் பாதி இறங்கிய பிறகுதான் அவள் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியாமல் விழித்து, “ஐயையோ!” என்று எழுந்து உட்கார்ந்தாள். “ஏன்டா எழுப்பல? போன் எங்க?” அந்த நேரம் பார்த்து அரிசி டப்பா மறுபடி முனகியது. அவர் திருடன் மாதிரி அதை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு நீட்டினார்.

அக்கா போனைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அத்தானின் குரல் வெளியில் கேட்கிற அளவுக்கு இரைந்தது. அக்கா போர்வையில் தான் படுத்திருந்த இடத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

“எங்கங்க வர்றது? இவனுக்குக் காய்ச்சல் இன்னும் விட்டபாடில்ல. பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தேன், போன் சத்தமே கேக்கல” என்றாள் கூசாமல். பிறகு கையால் ஜாடை காட்டினாள். அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், கல்லுக்குண்டு மாதிரி நின்ற மனுஷன் லொக்கு லொக்கென்று இருமினார்.

ஆறிப்போன டீயை அவள் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். காலிப் பையைத் தோளில் மாட்டினாள். கூட்டிப்போவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விட்டுவிட்டேன் என்றும் சொல்லவில்லை. “அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்” என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினாள்.

அந்த வாரம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. எதற்கு வருகிறாள்? மறந்துபோன மூட்டையைக் கட்டத்தானா? கடையில் ஒரு சட்டைக் கையில் இரண்டு கோடு விழும்படி தேய்த்துவிட்டு, பார்த்தவர்களெல்லாம் வாய் பிளக்க, மறுபடி தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். இந்தத் தடவை யாரிடமும் எதுவும் இரவல் கேட்கவில்லை. போகிறதென்றால் அறை உள்ளபடியே இருந்துவிட்டுப் போகட்டும் என்று போர்வையை மட்டும் தேய்த்து விரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குப் படியில் அதே காலடிச் சத்தம். அதே ஜிப் பை. ஆனால் இந்தத் தடவை அது புடைத்துக்கொண்டிருந்தது.

“வீட்ல உனக்கு இன்னும் உடம்பு தேறலன்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றாள் அக்கா, மூச்சு வாங்க. “யாராவது கேட்டா இருமு. இன்னும் கொஞ்ச நாளைக்கு இழுக்கும்னு சொல்லு.”

கட்டிலில் பையை வைத்து ஜிப்பைத் திறந்து, உள்ளே திணித்திருந்த தலையணையை இழுத்து எடுத்தாள். அவருடைய தலையணைக்குப் பக்கத்தில் அதைப் போட்டாள். உறை முழுக்க ஒரே கசங்கல். மடிப்பு அண்ணன் கை தன்னால் இஸ்திரிப் பெட்டிப் பக்கம் போனது. அதற்குள் அக்கா அதில் தலையை வைத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

அவர் பெட்டியை விட்டுவிட்டு, அவள் கையிலிருந்து நழுவிய போனை எடுத்தார். அரிசி டப்பாவின் மூடியைச் சத்தமில்லாமல் திறந்தார்.