பிரேக் சார் எழுத்தாளர் ஆன விதம்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவரை எல்லோரும் பிரேக் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்க, பக்கத்து இருக்கையில் தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவது அவர் தொழில். அவரைக் கேட்டால் எழுத்தாளர் என்பார். உலகம்தான் அதை இன்னும் கவனிக்கவில்லை.

ஒரு வாரப் பத்திரிகைக்கு விடாமல் கதை அனுப்பிக்கொண்டிருந்தார். கூடவே கன்னத்தில் கை வைத்து எடுத்த ஸ்டூடியோ போட்டோவும் போகும். கதைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. போட்டோ மட்டும் வரவில்லை. "பாத்தியா, வெச்சுக்கிட்டாங்க" என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொள்வார். மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க டாக்டர்கள் கையெழுத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்குக் கணவர் கையெழுத்தையும் படிக்கத் தெம்பு ஏது? "சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்படியிருக்கையில் கார் கற்றுக்கொள்ள ஒரு பெண் வந்து சேர்ந்தார். அதே பத்திரிகையில் துணையாசிரியர். விஷயம் தெரிந்ததும் பிரேக் சாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாளே, ஒரு கோடீஸ்வரன் பனிமலையில் விழுந்து சாகிற கதை டாஷ்போர்டின் மேல் கிடந்தது.

"இது என்ன சார்?"

"சும்மா... சிக்னல்ல நிக்கும்போது போரடிக்குமேன்னு."

காரை ஓரங்கட்டவே கற்றுக்கொள்ளாதவர் எங்கே தப்பிப்பது? சிவப்பு விழுந்தபோதெல்லாம் படித்தார். பச்சை விழுந்ததைக் கவனிக்காமல் பின்னால் இருந்தவர்களிடம் திட்டும் வாங்கினார். கடைசியில் காகிதங்களைச் சாரின் மடியில் போட்டார்.

"மூணு சிக்னல் தாண்டியாச்சு சார். உங்க கதையில இன்னும் விடியவே இல்ல."

"அது... சூரிய உதய வர்ணனை."

"ரெண்டு பக்கமாவா உதிக்கும்? அதைத் தூக்கிடுங்க. அந்த ஆளு கால் வழுக்குதே, அங்கேருந்து தொடங்குங்க. ஆமா, நீங்க பனியை எங்க பாத்தீங்க?"

சார் யோசித்தார். "ஃபிரிட்ஜுல."

"அப்புறம், போட்டோ அனுப்பாதீங்க. ஆபீஸ்ல எல்லாரும் பல்வலின்னு நினைச்சுட்டோம்."

முகம் சுண்டிப்போன சார் அன்று தேவையில்லாத இடத்தில் எல்லாம் பிரேக் போட்டார். ஆனாலும் துணையாசிரியர் சொன்ன ஒரு யோசனையை வீட்டில் செய்து பார்த்தார். எழுதியதை யாருக்காவது உரக்கப் படித்துக் காட்டி, அவர்கள் கொட்டாவி விடும் இடத்தில் பென்சிலால் கோடு போட வேண்டும்.

"அப்ப தலைப்புலயே போட்டுடுங்க" என்றார் மனைவி.

அடுத்த வகுப்பில் துணையாசிரியரே இரக்கப்பட்டார். "கோடீஸ்வரனை விடுங்க சார். உங்ககிட்ட வர்றவங்க எதுக்கு இந்த வயசுல வண்டி கத்துக்கறாங்க? அதைக் கேட்டு ஒரு கட்டுரை எழுதுங்க. ஒரு பக்கம் போதும். 'வாழ்க்கை ஒரு பயணம்'னு தொடங்கினா படிக்காமலே திருப்பிடுவேன்."

அதையே முதல் வரியாக மனசுக்குள் எழுதி முடித்திருந்த சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இத்தனை வருஷம் அதட்டியே பழகியவருக்குக் கேட்பது புதுசு. ஆனால் அவர் வாயை மூடியதும் மற்றவர்கள் பேசினார்கள். ஒருவர், ஓசியில் ஏற்றிப்போகும் மச்சானின் பேச்சைக் கேட்க முடியாமல் வந்தவர். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கணவருக்குத் தெரியாமல் கற்றுக்கொண்டிருந்தார். "அவர் கத்துக்குடுக்கறதுல பாதி 'கத்து'தான் சார்" என்றார். சார் அதை அப்படியே எழுதினார். படித்துக் காட்டியபோது மனைவி கொட்டாவி விடவில்லை. "நீங்க பஸ்ஸுல உக்காந்தாலும் காலை மிதிச்சுக்கிட்டே வர்றீங்களே, அதையும் போடுங்க." அவருக்கே தெரியாத விஷயம் அது. போட்டார்.

கட்டுரை பாதியாக வெட்டுப்பட்டு வெளிவந்தது. வெட்டிய பாதிக்காகப் பல்லைக் கடித்தார். மிச்சப் பாதியைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் காட்டினார்.

பிறகு வங்கிப் பெண்ணின் கணவர் வந்தார். கட்டுரையில் வங்கிப் பெண்ணை டீச்சராக மாற்றியிருந்த சார், எதற்கெடுத்தாலும், முந்திப் போகும் வண்டிக்குக்கூட, அந்தப் பெண் "சாரி, சாரி" சொல்வதை மாற்ற மறந்துவிட்டார்.

"இது என் பொண்டாட்டிதானே?" கையில் சுருட்டிய பத்திரிகை. அடி விழும் என்றே சார் நினைத்தார். ஆனால் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் அவ்வளவா கத்தறேன்?" என்று மெதுவாகக் கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் வங்கிப் பெண் வந்தார். "லைசென்ஸ் வாங்கிட்டு நானே சொல்லணும்னு இருந்தேன் சார். நீங்க முந்திக்கிட்டீங்க."

சார் மன்னிப்புக் கேட்டார். ரிவர்ஸில் பூந்தொட்டி ஒன்றை நசுக்கிக்கொண்டிருந்த துணையாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "வேலையை மாத்தினா போதாது சார், பழக்கம்தான் ஆளைக் காட்டிக்குடுக்கும். அதையும் மாத்துங்க, இல்லாட்டி கேட்டுட்டு எழுதுங்க" என்றார். அந்த ரிவர்ஸிலேயே தேர்வில் தோற்று மறுபடி சேர்ந்தார்.

வங்கிப் பெண் தேறிவிட்டார். இப்போது கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அவர்தான் ஓட்டிப் போகிறார். கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாயே திறப்பதில்லையாம்.

"இதை எழுதிக்கங்க சார். ஆனா எனக்குக் காட்டிட்டுதான் அனுப்பணும்."

எழுதிக் காட்டினார். வங்கிப் பெண் பொறுமையாகப் படித்து, ஒரே ஒரு வரியை அடித்தார். சாருக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.