இரண்டாவது தோணிக்கு வைத்த முத்திரை

சுனாமி வந்த மறு ஆண்டு ஆவணி மாதம் அது. கடலோரம் இருந்த எங்கள் ஊர் வெறும் மணலாகிப் போனதால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் தகரக் கொட்டில் முகாமில் இருந்தோம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கோயிலில் பதிகம் ஓதிப் பொருள் சொல்பவன். அத்துடன் சமாதான நீதவான். பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் கடல் கொண்டுபோயிருந்த அந்த நாட்களில், என் றபர் முத்திரை விழுந்த கடிதத்துக்கு எல்லா அரசாங்கக் கந்தோர்களிலும் மதிப்பு இருந்தது.

ஒரு மீனவர் நட்டஈட்டுக்காகத் தமக்கு இரண்டு தோணிகள் இருந்ததாக எழுதித் தரும்படி கேட்டார். ஒன்றுதான் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். நான்கு உயிர்களைக் கடலுக்குக் கொடுத்தவர் ஆயிற்றே என்று இரங்கி எழுதிக் கொடுத்தேன். "ஐயாட முத்திர பட்டா தோணியும் குட்டி போடும்" என்று முகாமே சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதே முகாமில் ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்து மூன்று. வந்தாறுமூலைக் கம்பஸில் பட்டப்படிப்பு இறுதியாண்டு. அவள் விரும்பிய இளைஞன் அவளைவிட இரண்டு வயது மூத்தவன், மேசன் வேலை செய்பவன். அவனுடைய தாயையும் தந்தையையும் கடல் கொண்டுபோயிருந்தது. சித்திரையில் பெண்ணின் தாயோடு இருவரும் என்னிடம் வந்து திருமணத்துக்கு நாள் கேட்டார்கள். இறந்தவர்களின் ஆண்டுத் திதியான ஆட்டைத் திவசம் முடியாமல் தாலி கட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னவன் நான்தான். மறுபேச்சில்லாமல் தை மாதத்துக்கு ஒப்புக்கொண்டு போனார்கள்.

ஆவணியில் அவள் தனியே வந்தாள். தாங்கள் கணவன் மனைவியாக வாழ்வதாக ஒரு கடிதம் வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. தொடக்கத்தில் அவன் பஸ் ஏறி டவுனுக்குப் போய், யாரும் அறியாத பாமசியில் ஆணுறை வாங்கி வருவானாம். திருமணம் முடிவான பிறகு அந்தக் கவனம் மெல்லக் குறைந்ததாம். கட்டப் போகிறவளுக்கு அது என்னத்துக்கு, இன்னும் என்னில் நம்பிக்கை வரவில்லையா என்று கேட்கத் தொடங்கினானாம். இரண்டு முறை வற்புறுத்தியவள் மூன்றாம் முறை சண்டைக்கு அஞ்சி விட்டுவிட்டாள். ஒருவரையொருவர் சரியாக அறியாத நாட்களில் இருந்த எச்சரிக்கை, அன்பு முதிர்ந்த நாட்களில் இல்லாமற் போயிற்று. தானே கருத்தடைக் குளிசை எடுத்துக்கொள்வோம் என்று கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே விவாகப் பதிவைக் கேட்டார்கள். அது இல்லையென்றால் சமாதான நீதவானின் கடிதமாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

"கோயில்ல நிக்கிற மனிசன் நான். இந்தப் பொய்க்கு முத்திர குத்த மாட்டன், புள்ள."

"கலியாணத்தத் தள்ளி வெச்சது ஆரு ஐயா?" என்றாள், குரலை உயர்த்தாமல்.

பதில் இல்லாதபோது மூத்தவர்கள் வழக்கமாகச் செய்வதையே நானும் செய்தேன். அடக்கத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் கேட்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை, இறைவன்மேல் காதல் கொண்ட தலைவியாகத் தம்மைப் பாவித்து அடியார் பாடிய பதிகத்துக்குக் கோயிலில் பொருள் சொன்னேன். வளை கழல்கிறது, மேனி நைகிறது, நாணத்தை விட்டேன் என்று தலைவி கதறும் இடத்தில் என் கண்கள் நிறைந்தன. பெண்கள் வரிசையில் அவளும் இருந்தாள். ஏட்டிலுள்ள பெண் நாணத்தை விட்டதற்கு உருகினேன். எதிரே இருந்த பெண் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை பேசியதற்குக் கதவைச் சாத்தியிருந்தேன். அந்த நேரம் எனக்கு அது உறைக்கவேயில்லை.

ஐப்பசி மழையில் ஒரு காலை அவளுடைய தாய் நனைந்தபடி ஓடிவந்தார். மகள் கருவுற்றதை யாருக்கும் சொல்லாமல், அதைக் கலைக்க யாரோ கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டாளாம். முதல் நாள் தொடங்கிய இரத்தம் நிற்கவில்லை, இரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார். கூடவே போனேன். பிழைப்பாளா என்று இரண்டு நாட்கள் எவராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு தாதி, "கம்பஸ் படிக்கிற புள்ள, ஒரு குளிச எடுக்கத் தெரியாதா?" என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். எங்கள் எல்லோரையும் விட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததே! கேட்க வேண்டிய இடத்தில் கேட்டாளே! அங்கே கடிதம் கேட்டார்கள். கடிதம் எழுத வேண்டியவன் உபதேசம் செய்தான். இதைத் தாதியிடம் சொல்லத் துணியாமல் எழுந்து போனேன். வெளியே விறாந்தையில் அந்த இளைஞன், "என்னை நம்பினவள் ஐயா" என்று அழுதுகொண்டிருந்தான். நம்பிக்கையை அவளிடம் மட்டும் கேட்டுவிட்டு, ஆபத்தையும் அவள் ஒருத்தியின் தலையில் வைத்தவனுக்குக் கண்ணீர் மட்டும் எத்தனை எளிதாக வருகிறது என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவனைத் திட்டவும் எனக்குத் தகுதி இல்லை.

மூன்றாம் நாள் அவள் கண் விழித்தாள். என்னைக் கண்டதும் சொன்னாள்:

"இல்லாத தோணிக்குக் கடதாசி குடுத்தீங்க ஐயா. இரிக்கிற எனக்குத்தான் குடுக்கல்ல."

அவள் பிழைத்தாள். அந்த ஆண்டுப் பரீட்சை தவறியது. மறு ஆண்டு எழுதித் தேறினாள். தை மாதத் திருமணத்தை அவளே வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள்.

யுத்தமும் முடிந்து நாங்கள் ஊர் திரும்பிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் கிளினிக்கில் முதற் கேள்வி புருஷனின் பெயர்தான் என்று இளம் பெண்கள் சொல்லக் கேட்கிறேன். அந்தப் பெண்களில் யார் வந்து கேட்டாலும் இப்போது காரணம் கேளாமல் கடிதம் எழுதுகிறேன். கோயிலில் அந்தத் தலைவியின் பதிகம் வரும் நாட்களில் மட்டும் ஓதி முடித்ததும் எழுந்துவிடுகிறேன். அதற்குப் பொருள் சொல்லும் தகுதியை அவளுடைய கட்டிலருகே இழந்துவிட்டு வந்தவன் நான்.