போகுமிடம் சொல்லாத கந்தம்மாள்

புதுச்சத்திரத்துக் கந்தம்மாளுக்குப் பயம் என்று ஒன்று இருப்பதாக 1944-ஆம் வருஷம் தை மாதம் வரைக்கும் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, "ஏ, அந்த எருமைய அக்கட்டால ஓட்டுடா" என்று அவள் ஒரு குரல் விட்டால், யாருடைய எருமை என்று கேட்காமலே மூன்று காடு தள்ளி உள்ளவர்களும் தங்கள் எருமையை ஓட்டிவிடுவார்கள்.

அந்தத் தை மாதம் அவள் மகன் காளியப்பனுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். பெண்ணுக்குக் கட்டுகிற கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் கொண்டுபோக வேண்டும். உலகச் சண்டைக் காலமானதால் நூலுக்குப் பஞ்சம். கடைகளில் அலமாரிதான் இருந்தது, சேலை இல்லை. அதனால் கந்தம்மாளின் வீட்டுக்காரர் சின்னுசாமி மூன்று மாதத்துக்கு முன்பே சேலத்துக்குப் போய், குகைப் பகுதியில் சௌடப்ப செட்டியார் என்ற நெசவுக்காரரிடம் சொல்லி வைத்து வந்திருந்தார். புதன்கிழமை போய் வாங்கிவர வேண்டியது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கலப்பைக் கொழு அவர் காலைக் கிழித்துவிட்டது.

கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "மாப்பளையாகப் போறவன் ஊரெல்லை தாண்டக்கூடாது. நீதான் போயிட்டு வரோணும்."

"நானா? ராசிபுரத்துக்கு அக்கட்டால நான் ஒரு ஊரும் பாத்ததில்லீங்களே."

"செரி, உடு. சேலை இல்லாமயே போலாம். சம்பந்தியம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

சம்பந்தியம்மாள் என்பது ஜேடர்பாளையத்து முத்தாயம்மாள். நிச்சயத் தாம்பூலத்தில் வைத்த வெற்றிலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, "நேத்துப் பறிச்சதுங்களா, முந்தாநேத்துங்களா?" என்று நூறு பேர் நடுவில் கேட்டவள். கந்தம்மாள் அப்போதே பஸ்ஸுக்குக் காசை எண்ணி முடிந்துகொண்டாள்.

ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே தங்கமுத்து வந்துவிட்டான். பக்கத்துக் காட்டுக்காரன். சேலத்துக்கு இரண்டு தடவை போனவன். இரண்டாம் தடவை குடையோடு போய்க் குடையில்லாமல் வந்தான். அன்றிலிருந்து சேலத்தைப் பற்றிச் சொல்ல அவனை விட்டால் ஆள் கிடையாது.

"அக்கா, சேலத்துல எவனாச்சும் 'எங்க போறீங்க'ன்னு கேட்டான்னு வெய்யுங்க. அவந்தான் அவன்."

"எவன்டா?"

"திருடனுங்க. போற எடத்தைச் சொன்னீங்களோ, நமக்கு முன்னால போயி நின்னுக்குவான்."

கந்தம்மாளுக்கு இது உடனே விளங்கிற்று. வெளியே கிளம்புகிறவரை 'எங்கே' என்று கேட்பது அவள் ஊரிலேயே ஆகாத காரியம். 'தூரமா போறாப்பல இருக்குது' என்றுதான் கேட்பார்கள். வாய்விட்டு 'எங்கே' என்று கேட்கிறவன் எப்படி நல்லவனாக இருப்பான்?

"சொல்லாமப் போயிர்றேன்."

"சொல்லாட்டியும் சந்தேகப்படுவானுங்க. வேற எடத்தைச் சொல்லோணும். பேரு, ஊரு எல்லாத்தையும் மாத்திச் சொல்லோணும். அப்பறம் மயக்குப் பொடி. காத்து வாக்குல ஊதிருவான். நம்ம கையாலயே சேலைய எடுத்துக் குடுத்துட்டு, கும்புட்டுட்டு வருவோம். என்ற குடை அப்பிடித்தானுங்க போச்சு."

"பொடி பட்டுருச்சுன்னா எப்பிடிடா தெரியும்?"

தங்கமுத்து யோசித்தான். இதை அவனை இதுவரை யாரும் கேட்டதில்லை. "ஊட்டு எருமைக பேரை வரிசையாச் சொல்லிப் பாருங்க. தடங்கலில்லாம வந்துச்சுன்னா புத்தி நம்மகிட்டத்தான் இருக்குதுன்னு அர்த்தம்."

புதன்கிழமை காலையில் கந்தம்மாள் கரி பஸ்ஸில் ஏறினாள். பின்னால் அடுப்பு வைத்து, அதில் கரியைப் போட்டு, ஒரு ஆள் துருத்தியைச் சுற்றச் சுற்ற ஓடுகிற பஸ். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கி நடந்தார்கள். பஸ் அவர்களுக்குப் பின்னால் வந்தது.

கண்டக்டர் கேட்டார்: "எங்கம்மா எறங்கோணும்?"

ஊரெல்லை தாண்டவில்லை, அதற்குள் ஒருத்தன். கந்தம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பஸ்ஸு எங்க நிக்குதோ அங்க" என்றாள்.

நாமக்கல் பக்கமிருந்து போகிற பஸ் குகை வழியாகத்தான் சேலத்துக்குள் நுழையும். "குகை எறங்கறவங்க எறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார். கந்தம்மாள் ஜன்னல் வழியாகக் குகையை நன்றாகப் பார்த்தாள். இறங்கினால் எங்கே போகிறாள் என்று இந்த ஆளுக்குத் தெரிந்துவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஸ் நின்ற இடத்தில் ஒரு குதிரை வண்டிக்காரர். "எங்க போவணும் தாயி?"

இரண்டாவது ஆள். தங்கமுத்து வாயில் கேட்ட ஒரு பெயரை எடுத்துவிட்டாள்: "செவ்வாப்பேட்டைக்கு."

"அதானே பாத்தேன். கடலை மண்டி முகமா இருக்குதேன்னு. ஏறு, ஏறு. பெரியம்மா மாதிரி இருக்கறே, குடுக்கறதைக் குடு."

ஏறாவிட்டால் சந்தேகப்படுவான். ஏறினாள். வண்டிக்காரர் சொன்ன சொல் தவறாதவர். செவ்வாய்ப்பேட்டையின் நட்ட நடுவில், எள் மூட்டைக்கும் கடலை மூட்டைக்கும் இடையில் இறக்கிவிட்டு, "பத்திரம் தாயி, கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பத்திரம் என்று அவன் எதற்குச் சொன்னான் என்று நினைத்து நினைத்துக் கந்தம்மாளுக்கு வேர்த்தது.

அந்த ஒரு தெருவில் மட்டும் ஒன்பது பேர் அவளிடம் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு தரகர் எழுந்து நின்றே கேட்டார். மோர் விற்கிற பெண்பிள்ளை, ஒரு செம்பு மோரையும் நீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரே தெருவில் இத்தனை திருடர்கள் இருந்தால் திருட்டுக் கொடுக்க ஆள் ஏது என்று கந்தம்மாள் நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் பதிலும் வந்துவிட்டது. ஆமாம், தான் ஒருத்திதான்.

நாலு மணிக்குக் கடைசி பஸ். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மண்டித் தெருவை நாலாவது சுற்றுச் சுற்றும்போது சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர் ஒருவர் முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கறே. எங்க போவணும்?"

தொப்பி வைத்தும் வருவார்கள் என்று தங்கமுத்து சொல்லியிருந்தான். "ஆஸ்பத்திரிக்குங்க சாமி."

"என்ன ஒடம்புக்கு?"

"வவுத்து வலிங்க."

"பேரு, ஊரு?"

"நல்லம்மாளுங்க. ராசிபுரம்."

போலீஸ்காரர் முகம் இளகிவிட்டது. "அட பாவமே. வலி தாங்காமத்தான் சுத்தியிருக்கறே. இத முன்னாலயே சொல்றதில்ல?" என்று, போகிற வண்டி ஒன்றை நிறுத்தி, அவளை ஏற்றி, தானும் தொற்றிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார். அதோடு விட்டாரா? "அவசரக் கேஸு, வழி விடுங்க" என்று வரிசையை விலக்கி, கம்பவுண்டர் முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டுத்தான் போனார்.

கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நாக்க நீட்டு. எத்தனை நாளா வலி?"

அப்போதுதான் அந்த மருந்து நெடி கந்தம்மாளின் மூக்கில் ஏறியது. இப்படி ஒரு நெடியை அவள் பிறந்ததிலிருந்து முகர்ந்ததில்லை. பொடிதான். சந்தேகமே இல்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னாள்:

"கருக்கி, சுட்டி, கூளை, மயிலை, குட்டக்கொம்பி."

"என்னம்மா?"

"கருக்கி, சுட்டி, கூளை…" எல்லாம் வரிசையாக வந்தது. கந்தம்மாளுக்கு மூச்சு வந்தது.

கம்பவுண்டர் சீட்டில் எழுதினார்: 'நல்லம்மாள், ராசிபுரம். வயிற்று வலி. பிதற்றல் உண்டு.' எழுதிக் கையில் கொடுத்து, கூடவே ஒரு அவுன்ஸ் மிக்ஸர் மருந்தையும் கொடுத்தார். குடித்தால்தான் விடுவார் போலிருந்தது. குடித்தாள். வேப்பெண்ணெய் இதற்குத் தேன். அவர் அடுத்த ஆளின் நாக்கைப் பார்க்கத் திரும்பினார். கந்தம்மாள் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் மணி இரண்டு.

சேலை இல்லாமல் திரும்பினால் முத்தாயம்மாள் என்ன கேட்பாள் என்று யோசித்தாள். எதுவும் கேட்கமாட்டாள். நூறு பேர் நடுவில் சும்மா சிரிப்பாள். அதை நினைத்ததும் மிக்ஸர் மேலே வரப் பார்த்தது.

அப்போது எதிர்ச் சாரியில் ஒருவன், சாயம் தோய்த்த நூல் கற்றைகளைத் தோளில் கழிபோட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு போனான். சிவப்புச் சாயம் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. நூல் போகிற இடம் நெசவுக்காரர் தெரு. காணாமல் போன எருமையைச் சாணியை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது ஒரு பெரிய வேலையா? யாரையும் எதுவும் கேட்காமல் அவன் பின்னாலேயே நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் திரும்பிப் பார்த்தான். நூல் தங்கம் மாதிரி விற்கிற காலம். வாட்டசாட்டமான ஒரு பெண்பிள்ளை, வாயைக் கசப்பாக வைத்துக்கொண்டு, வைத்த கண் வாங்காமல் நூலையே பார்த்துக்கொண்டு வருகிறாள். அவன் எட்டி நடந்தான். அவளும் எட்டி நடந்தாள். சந்தில் திரும்பினான். அவளும் திரும்பினாள். அவன் ஓடினான். ஓட்டமென்றால் கந்தம்மாளுக்குப் பிரச்சினையே இல்லை, காட்டில் வெள்ளாட்டுக்குப் பின்னால் ஓடிய கால்.

குகையில் அந்தத் தெரு முழுக்கப் பாவு கட்டியிருந்தது. கஞ்சி போட்ட நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் பத்துப் பேர் நின்று கையில் புருசோடு நீவிக்கொண்டிருந்தார்கள். நூல்காரன் ஓடிவந்து அவர்களுடைய தெலுங்கில் கத்தினான்: "தொங்க வஸ்துந்தி! பட்டுக்கோ, பட்டுக்கோ!"

திருடி வருகிறாள், பிடி, பிடி என்று அர்த்தம். ஆனால் பாவைவிட்டுக் கையெடுத்தால் கஞ்சி காய்ந்து இழை ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொருவரும் நீவிக்கொண்டே எதிரில் இருப்பவரைப் பார்த்து "நுவ்வு பட்டுக்கோ", நீ பிடி, என்றார்கள். பத்துப் பேரும் பட்டுக்கோ என்றார்கள். ஒருவரும் நகரவில்லை.

கந்தம்மாள் காதில் பட்டு என்றுதான் விழுந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "பட்டு வேண்டாமுங்க. நூல்சேலைதானுங்க சொல்லி வெச்சிருக்கறோம். சௌடப்ப செட்டியாருங்க ஊடு எதுங்க?"

புருசு வைத்திருந்தவர்களில் நரைமீசைக்காரர் ஒருவர் நிமிர்ந்தார். "நாந்தான். நீங்க யாரு?"

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. "புதுச்சத்திரம் சின்னுசாமி சம்சாரமுங்க. கந்தம்மா. கூறைச் சேலைக்கு வந்தனுங்க."

செட்டியார் வாய் திறப்பதற்குள் தெருமுனையில் சிவப்புத் தொப்பி தெரிந்தது. கத்தல் கேட்டு வந்திருக்கிறார். "இந்தம்மாவா? ஆஸ்பத்திரியில உட்டுட்டு வந்தேனே. என்ன நல்லம்மா, வலி எப்பிடி இருக்குது?"

"நல்லம்மாவா?" என்றார் செட்டியார்.

"ராசிபுரம் நல்லம்மா. வவுத்து வலிக்காரி."

"நான் கந்தம்மாளுங்க."

"இடுப்புல சீட்டு இருக்குது பாரு, குடு" என்று போலீஸ்காரர் வாங்கி உரக்கப் படித்தார். பிதற்றல் உண்டு என்ற இடத்தில் நிறுத்தி, செட்டியாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

செட்டியார் இரக்கத்தோடுதான் சொன்னார்: "அம்மா, இந்தக் காலத்துல ஒரு சேலைய நெய்யறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆள் தெரியாமக் குடுத்துட்டு, நாளைக்குப் புதுச்சத்திரத்துக்காரர் வந்து நின்னா என்ன சொல்றது? கட்டறதுக்கு வேற சேலை சேலத்துலயே கிடையாது."

காலையிலிருந்து சொன்ன பொய் பூராவும் கந்தம்மாளே சொன்னது. யாரைத் திட்டுவது?

செட்டியாரின் சம்சாரம் கமலவேணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தச் சேலை. "பாவம், கண்ணுலயாவது பாத்துட்டுப் போகட்டும்" என்று மடிப்பைப் பிரித்தாள்.

கந்தம்மாள் பார்த்தாள். கிட்டே போனாள். கரைமேல் விரலை வைத்தாள். மறுபடியும் வைத்தாள். பிறகு சேலத்துக்குள் நுழைந்ததிலிருந்து அடங்கிக் கிடந்த அந்தக் கிணற்று மேட்டுக் குரல் வெளியே வந்தது.

"அரக்குக் கரை நாலு விரக்கடை வெக்கோணும்னு சொல்லியுட்டிருந்தனே, இது மூணுதானே இருக்குது? ஒரு விரக்கடைய எங்கீங்க முழுங்குனீங்க? எங்கூட்டுக்காரரு வாயில்லாதவருன்னு கரையக் கடிச்சுட்டீங்களா? இதைக் கொண்டுபோயி அந்த ஜேடர்பாளையத்தாகிட்ட நான் எப்பிடிக் காட்டறது?"

பாவு நீவிய பத்துப் பேரும் நிறுத்திவிட்டார்கள். இழை ஒட்டினால் ஒட்டட்டும் என்று பார்த்தார்கள்.

செட்டியார் போலீஸ்காரரிடம் திரும்பினார். "இவங்கதான். நாலு விரக்கடைன்னு சொன்னது எனக்கும் அந்தச் சின்னுசாமிக்கும் மட்டும் தெரியும். அரக்கு நூல் கிடைக்கல, மூணுதான் வரும்னு பொறவு சொல்லியனுப்பினேன். சரின்னு சொன்னவரு, ஊட்டுல சொல்லலையாட்டம் இருக்குது."

"எப்பிடிச் சொல்வாரு?" என்றார் போலீஸ்காரர், காதைத் தேய்த்துக்கொண்டு.

கமலவேணி சேலையை மடித்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். கொசுவம் வைத்தால் கரை குறைந்தது தெரியாது என்று காதோடு சொன்னாள். பஸ் வரைக்கும் தானே கூட வந்தாள். குகையிலேயே பஸ் நிற்கும் என்று அவள் காட்டியபோது கந்தம்மாள், "அப்பிடீங்களா?" என்று புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, கல்யாண வீட்டில், தட்டில் வைத்த கூறைச் சேலையை முத்தாயம்மாள் கையிலெடுத்தாள். கரைமேல் விரலை வைத்தாள். நூறு பேரும் பார்த்தார்கள்.

"மூணு விரக்கடைதான் இருக்குதாட்டம் இருக்குதுங்க?"

"ஆமாங்க" என்றாள் கந்தம்மாள். "சேலத்துல இப்ப எல்லாருமே மூணுதானுங்க கட்டறாங்க. நாலெல்லாம் பழசு. நீங்க சேலம் போனதில்லீங்களா?"

முத்தாயம்மாள் சேலையைத் தட்டில் வைத்தாள். "இல்லீங்க" என்றாள் கொஞ்சம் இறங்கிய குரலில். பிறகு கிட்டே நகர்ந்து கேட்டாள்: "தனியாவாங்க போயிட்டு வந்தீங்க? பயமில்லீங்களா? சனம் எப்பிடிங்க?"

கந்தம்மாள் தட்டிலிருந்த சேலையை நேராக்கி வைத்தாள்.

"சனமெல்லாம் நல்ல சனமுங்க. கேட்டா வண்டி வெச்சுக் கூட்டிப் போயி உடறாங்க. என்ன, ஒருத்தருக்கும் வழிதான் தெரிய மாட்டேங்குது."