மச்சான் கையில் கயிறு

இல்லை, சேவியர் அண்ணன் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடச் சொன்னவர் அல்ல. அவர் போன பிறகு அலுவலகத்தில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அவரை அறிந்த உங்களுக்காவது சரியாகச் சொல்ல வேண்டும்.

செய்தி தொலைபேசியில் வந்தது. வேம்பாருக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி, போய்விட்டார். கேட்டதும் நான் முதலில் இயந்திரத்தைத்தான் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

துறைமுக அலுவலகத்துக்கே ஒரே கணிப்பொறி. மூன்று பிரிவுகள் அதைப் பகிர்ந்துகொண்டன. ஒவ்வொரு பிரிவின் நிரலும் தனக்கென்று ஓர் இயந்திரம் இருப்பதாக நம்பி ஓடும். அப்படி நம்பவைக்கும் மேற்பார்வை நிரல் எங்கள் இருவர் பொறுப்பு. அது எவ்வளவைத் தன் கையில் வைத்துக்கொள்வது, எவ்வளவைக் கீழே ஓடுபவற்றிடம் விடுவது? எங்கள் சண்டை எப்போதும் இதுதான். நான் பயந்தவள். எல்லாம் மேலேயே இருக்கட்டும் என்பேன். நினைவகம், நேரம், நிறுத்தும் உரிமை, இவை போதும் என்பார் அவர்.

புயல் எச்சரிக்கைப் பிரிவு, செய்தி அனுப்பும் டெலிபிரிண்டர் கம்பியை நேராகத் தங்களிடமே விடும்படி கேட்டது. எங்கள் வழியாகப் போனால் செய்தி பிந்துகிறது. கடலில் வள்ளங்கள் இருக்கின்றன என்றார்கள். அவர் கொடுத்தார். ஒரு நாள் அவர்களுடைய நிரல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இயந்திரமே முடங்கி மூன்று பிரிவுகளும் நின்றன. கப்பல்கள் வெளியே காத்துக் கிடந்தன. அன்று அவர் சாப்பிடவில்லை. ஆனால் கம்பியைத் திரும்ப வாங்கவும் இல்லை. பிடித்ததை விடுவிக்க ஒரு வழியை மட்டும் மேலே எழுதிச் சேர்த்தார்.

மறுநாள் டீக்கடையில் ஏன் என்று கேட்டேன். அவர் அப்பா முத்துக் குளித்தவர்; இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே வள்ளத்தில் ஒருவர் பிடித்திருக்க, கடலுக்குள் மூழ்குவார்.

"ஏளா கிரேஸ், கீழ இருக்கவனுக்குத்தான் தன் மூச்சு தெரியும். மேல இருக்கவன் கயித்தை விடாம இருந்தாப் போதும். நீந்தச் சொல்லிக் குடுக்க வேண்டாம்."

"அவன் அசந்துட்டா?"

"அதுக்குத்தான் எங்க ஆளுவ மச்சான் கையில கயித்தைக் குடுப்பாவ. விட்டான்னா அவன் கூடப்பொறந்தவதான தாலியறுப்பா."

"நம்ம நிரலுக்கு ஏது அண்ணே கூடப்பொறந்தவ?"

சிரித்தார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தார்.

அவர் போன செய்தி வந்ததுமே மேலதிகாரி கம்பியை மேலே எடுத்துவிடச் சொன்னார். மழைக்காலம் தொடங்குகிறது. எடுத்தால் எச்சரிக்கை பிந்தும். விட்டால், விடுவிக்கும் வழி இருந்தும், மறுபடி எல்லாம் நிற்கலாம். இந்த முறை அவர் இல்லை, நான் மட்டும்தான். எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்ததுபோல் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது விடை அல்ல. அந்தச் சிரிப்பும், நான் கேலியாகக் கேட்ட கேள்வியும்.

அதுவரை எங்கள் பிரிவின் வேலைகளை மற்ற மூன்றோடு சேர்க்காமல், அவை ஓடாத நேரத்தில் இயந்திரத்தைத் தனியாக எடுத்து ஓட்டிவந்தோம். அது பத்திரம். அடக்கம் முடிந்து திரும்பியதும் கம்பியைப் புயல் பிரிவிடமே விட்டேன். எங்கள் வேலைகளையும் அதே மேற்பார்வை நிரலின் கீழ், அவர்களுக்குப் பக்கத்தில், நான்காவதாக ஏற்றினேன். நின்றால் இனி எங்களுடையதும் நிற்கும்.