மணல்மேல் நின்ற பெண்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம் நடந்தது இது. பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீனவ கிராமம்.

நான் பொன்னேரியில் பள்ளி ஆசிரியை. பழைய இடுகாடுகளுக்குப் போய்ப் படமெடுத்து, கல்லில் இருக்கும் பெயர்களை நோட்டில் எழுதி வைப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. அந்த ஊர் இடுகாட்டை ஒட்டிச் சாலை வரப்போகிறது என்று தெரிந்ததும் அவசர அவசரமாகப் பட்டியல் தயாரித்துச் சாலைப் பொறியாளரிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். கல்லறைகளை விட்டு விலகிக் கோடு போடச் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கோடு போட்ட அன்று மத்தியானம் பார்க்கப் போனேன். கல்லறைகளைத் தாண்டி, வெறும் மணலில் சுண்ணாம்புக் கோடு ஓடியது. ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், ஈரப் புடவையோடு கரையேறி வந்து அந்தக் கோட்டின் மேலேயே நின்றாள்.

"எம் பொண்ணு இங்கதான் கீறா டீச்சர். கல்லு இருந்தாதான் எழுதுவீங்களா?" என்றாள்.

போன முறை அந்த மணலில்தான் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டிருந்தேன். கல் வைக்க முடியாத குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் புதைத்து வந்திருக்கிறார்கள். ஊரில் ஒருவரிடமாவது நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

பொறியாளருக்குப் போன் செய்தேன். காலையில் இயந்திரம் வருகிறது, அதற்குள் படமும் பெயரும் வந்தால் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். மொபைலை எடுத்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் மணல்தான் தெரிந்தது. வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது.

"நாங்க நிக்கிறோம், நீங்க எடுங்க" என்றாள் அவள்.

குப்பத்துக்குள் போய் மற்றவர்களைக் கூட்டி வந்தாள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவரவர் சொந்தம் கிடக்கும் இடத்தின் தலைமாட்டில் போய் நின்றார்கள். ஒருத்தி காலால் அளந்து பார்த்து, இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். நான் ஓடி ஓடிப் படமெடுத்து, பெயர் கேட்டு எழுதினேன். இறால் பிடித்தவளின் முறை வந்தபோது, பெயர் வைப்பதற்குள் குழந்தை போய்விட்டது என்றாள். "பாப்பான்னு போடுங்க."

ராத்திரியே எல்லாவற்றையும் பொறியாளருக்கு அனுப்பினேன். காலையில் வந்த இயந்திரம் வேலை செய்யாமலே நின்றது. பல நாள் இழுபறிக்குப் பிறகு கோடு இன்னும் தள்ளிப் போனது. ஆனால் ஓரத்தில் ஒரு துண்டு நிலம் சாலைக்குள் போய்விட்டது. படமெடுத்த அன்று சாயங்காலம் அங்கே யாரும் நிற்கவில்லை. அதனால் நானும் படமெடுக்கவில்லை. அங்கேயும் சிலரைப் புதைத்திருந்தது, அவர்களுடைய பிள்ளைகள் அன்று காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிருந்தது, எல்லாம் பிறகுதான் தெரிந்தது.

இப்போதும் பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போது என்னால் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார முடிவதில்லை. இன்னும் யாரைக் கேட்காமல் விட்டேனோ என்று மனசு அலைந்துகொண்டே இருக்கிறது.