“பஸ் கீதா சார்?”

நான் முகத்துவாரக்குப்பத்துக்காரன், ஐந்தாவது வரைதான் படித்தவன். திருவொற்றியூரில் லாரிகளில் மூட்டை ஏற்றுகிறேன். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்பது என் மகளின் ஆசை. பயிற்சிக் கல்லூரி தேடி இருவரும் கிளம்பினோம்.

முதல் கல்லூரி பெரிய கட்டடம். பஸ் இருக்கிறதா என்பதை எங்கள் பேச்சில், “காலேஜ் பஸ் கீதா சார்?” என்று கேட்டேன்.

“கீதாவா? அப்படி யாரும் இங்க இல்லையே” என்று சிரித்தார் அலுவலகக்காரர். “வீட்ல இப்படிப் பேசினா பொண்ணு எப்படிங்க டீச்சராகும்?” மகள் தலைகுனிந்தாள்.

என் வாயால் அவள் படிப்பு கெட வேண்டாம் என்று அடுத்த கல்லூரியில் வாசலிலேயே நின்றுவிட்டேன். மகள் மட்டும் உள்ளே போனாள். சற்று நேரத்தில், அவள் சொல்லி ஓர் ஆசிரியை வெளியே வந்தார்.

“இன்னா நைனா, வெயில்ல நின்னுகினு கீறீங்க? உள்ள வாங்க.”

கிண்டல் என்று நினைத்து நான் நகரவில்லை.

“நானும் முகத்துவாரக்குப்பம்தான். ஒண்ணாவது புள்ளைங்க வூட்டுப் பேச்சோடதான் வரும். அதக் கேட்டு சிரிக்காத டீச்சர்தான் வேணும்” என்றார்.

உள்ளே போய், “பஸ் கீதா மேடம்?” என்று மெல்லக் கேட்டேன்.

“காலேஜ் பஸ் இல்ல நைனா. ஸ்டாப்பிங் பக்கத்துலயே கீது.”

மகள் அங்கேயே சேர்ந்தாள். இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கூச்சத்தில் அன்று அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.