பதினேழாம் எண் அச்சு

பல்லக்கா என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவள் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே உதட்டைப் பிதுக்குவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் செய்கிறாள். டாக்டர்கள் நோயாளியின் வாயில் பசையை வைத்து அழுத்தி அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுத்தால், அந்த ஆளின் பல்வரிசை அப்படியே கையில் இருக்கும். முகம் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு எண் மட்டும்.

முகம் இல்லாவிட்டால் என்ன, பல்லக்காவுக்குத்தான் வாய் இருக்கிறதே! ஒவ்வொரு அச்சோடும் பேசுவாள். "உனக்கு இனிப்புன்னா உசுரு போல." "நீ பல்லு தேய்க்கிறதே விசேஷ நாளுக்குத்தானே?" எதிர் மேஜையில் பல்செட்டுக்கு மெருகு போடுகிற அண்ணன் சிரித்துச் சிரித்தே வேலையைக் கெடுத்துக்கொள்வார்.

அன்று காலை வந்த பதினேழாம் எண் அச்சைப் பார்த்ததும் அவள் "அடப்பாவி!" என்றாள்.

"என்னம்மா?" என்றார் மெருகு அண்ணன்.

"இங்க பாருங்கண்ணே. கடைவாய்ப் பல்லெல்லாம் தேஞ்சு தட்டையாக் கிடக்கு. ஈறு ஓரமாப் பூரா சொத்தை. இவன் தூங்கறதே இல்ல, பல்லைக் கடிச்சுக்கிட்டே திரியறான். வாய் காஞ்சு கிடக்கும். அந்தச் சுறுசுறுப்பு மாத்திரை போடறவங்க வாயி இப்படித்தான் இருக்கும். இந்த வருஷத்துல இது நாலாவது. பெத்தவங்க என்ன பண்றாங்களோ, கூடப்பிறந்தவங்க கண்ணை எங்க வச்சிருக்காங்களோ!"

சொல்லிக்கொண்டே அச்சைத் திருப்பினாள். மேல்வரிசையில் முன்பல் ஒன்றின் மூலை உடைந்திருந்தது. அதற்குப் பக்கத்துப் பல், வெட்கப்பட்டவர் மாதிரி கொஞ்சம் திரும்பி நின்றது. அந்த மூலையை உடைத்ததே அவள்தான். பதினாறு வயதில் கோபத்தோடு கதவை அறைந்து சாத்தியபோது, பின்னாலேயே ஓடிவந்த எட்டு வயதுத் தம்பியின் வாயில் பட்டது.

மெருகு அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டும் காதில் விழவில்லை.

தம்பி பார்சல் கிடங்கில் வேலை பார்க்கிறான். வயது முப்பத்திநாலு, தனியாக ஒரு மாடி அறையில் இருக்கிறான். ஒரு வருஷமாக அவனைப் பற்றி அவள் அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமா! "என் தம்பி ரெண்டு ஷிஃப்ட்டு சேர்த்துப் பார்க்கறான், அசரவே மாட்டான்." ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தால் ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் துடைப்பான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத் திரும்ப மாட்டுவான். சோம்பேறிப் பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவள் பூரித்துப் போனாள். இளைத்துப் போனதைக்கூட உழைப்பின் அடையாளம் என்றே எடுத்துக்கொண்டாள். ஊரார் வாயை எல்லாம் படித்தவளுக்குத் தம்பியின் வாயைப் பார்க்கத் தோன்றவில்லை. அவனும் கொஞ்ச நாளாக உதட்டை மூடியேதான் சிரித்தான்.

அவன் செய்த கூத்தைக் கேளுங்கள். பல்வலி தாங்காமல், சொத்தைப் பல்லைப் பிடுங்கிப் பல் கட்டிக்கொள்ள டாக்டரிடம் போக வேண்டும், ஆனால் அக்காவுக்குத் தெரியக் கூடாது. அதற்காக இரண்டு பஸ் மாறி, ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு சின்ன கிளினிக்கைத் தேடிப் பிடித்திருக்கிறான். ஊருக்கே பல்செட் செய்கிற இடம் ஒன்றுதான், எந்தக் கோடியில் வாயைத் திறந்தாலும் அச்சு அக்காவின் மேஜைக்குத்தான் வரும் என்பது அந்த அறிவாளிக்குத் தெரியவில்லை.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு, அச்சைத் துண்டில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அவன் அறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால் பீரோவை நகர்த்தி வைத்திருந்தான். அவன் அதை இழுத்துவிட்டுக் கதவைத் திறக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. பட்டப்பகலில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடிக் கிடந்தது.

"யாரு அனுப்புனா உன்ன? ரெண்டு நாளா கீழ ஒருத்தன் நின்னு பார்த்துக்கிட்டே இருக்கான்" என்றான் தம்பி.

"கீழ தையல் கடைக்காரர்தான்டா நிக்கறாரு. எப்பவும் அங்கதானே நிப்பாரு?"

அச்சை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவன் அதையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன சாப்பிடற?"

"ஒண்ணுமில்லக்கா. கிடங்குல எல்லாரும் போடறதுதான். பேட்டரின்னு சொல்லுவாங்க. களைப்புத் தெரியாது, அவ்வளவுதான்."

"அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"விக்கிறவனுக்கே தெரியாது" என்று சிரிக்கப் பார்த்தான். நெற்றியில் வியர்வை வழிந்தது. நாலு அறை விடலாம் என்று கிட்டே போனவள், அவன் நெஞ்சில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். உள்ளே இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் திட்டவில்லை. செருப்பைக்கூட மாட்டவிடாமல் அவனைக் கீழே இறக்கி, டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார். "ஏதாவது மாத்திரை, பவுடர், அந்த மாதிரி எடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். டீதான் கொஞ்சம் ஜாஸ்தி."

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினான். கிடங்குக்குத் தெரிந்தால் வேலை போய்விடும், சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்பதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் இந்த நெஞ்சு நின்றுவிட்டால்?

"பொய் சொல்றான் டாக்டர். சுறுசுறுப்பு மாத்திரை. ஒரு வருஷமா எடுக்கறான்."

"காட்டிக் குடுத்துட்டல்ல?" என்று கத்தினான் தம்பி. "இனிமே நீ எனக்கு அக்காவே இல்ல. வெளிய போ!"

அவள் வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. தெரியாம இருந்திருந்தா வேற மருந்து குடுத்திருப்போம், இன்னும் மோசமாகியிருக்கும். இந்த வயசுல மாரடைப்பு, மூளையில ரத்தக்கசிவுன்னு வர்றவங்களை நாங்க பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். இனிமே நாள்கணக்காத் தூங்குவாரு. எழுந்தா எதுலயும் பிடிப்பு இருக்காது. இந்தப் பழக்கத்தை மாத்த ஒரு மாத்திரைன்னு எதுவும் இல்லம்மா. ஆலோசகர்கிட்ட வாரா வாரம் போய்ப் பேசித்தான் வெளிய வரணும். மாசக்கணக்காகும்."

அவன் இரண்டு நாள் தூங்கினான். பல்லக்கா நாற்காலியை விட்டு நகரவில்லை. மெருகு அண்ணன் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார், ஒன்றும் கேட்காமல் போனார். மூன்றாம் நாள் காலை, தம்பி சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வந்து அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா."

"ம்."

"வெளிய போனா மறுபடியும் எடுத்துருவேனோன்னு பயமா இருக்குக்கா."

சத்தியம் வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் நினைத்தாள். கேட்டால் செய்துகொடுப்பான். பிறகு தவறிவிட்டால், முதலில் அவளிடம்தான் மறைப்பான். இன்னொரு தடவை அவனைப் பிளாஸ்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ள அவளுக்குத் தெம்பு இல்லை.

"சத்தியமெல்லாம் வேண்டாம்டா. எடுக்கணும்னு தோணுனா ஃபோன் பண்ணு. எடுத்துட்டாலும் ஃபோன் பண்ணு."

"திட்டுவியே?"

"திட்டுவேன்" என்றாள் பல்லக்கா. "திட்டிக்கிட்டேதான் வருவேன். ஆனா வந்துருவேன்."